ஒரு மணி நேரப் பச்சை

காய்ந்த படுக்கை விரிப்பை மடிக்க அன்று மாலை என் மனைவி என்னைக் கூப்பிட்டாள். தனியாக மடித்தால் மூலைக்கு மூலை சேராது என்பாள். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து உதறினோம். பாதியாக்கி இழுத்துப் பிடித்தோம்.

"கண்ணாடிக் கடைக்காரருக்கு நேர்கோடு தெரியாதா? உங்க பக்கம் ஒரு சாண் தொங்குது."

"எது, விரிப்பா நானா?"

"ரெண்டும்தான்."

சிரித்துக்கொண்டே என் பக்கம் நடந்து வந்தாள். தன் மூலைகளை என் கையில் கொடுத்துவிட்டு, கீழே தொங்கும் மடிப்பைக் குனிந்து எடுக்க வேண்டும். குனிந்தாள், எடுத்தாள், நிமிரும்போது நின்றுவிட்டாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தாடையைத் தடவினாள்.

"தாடை வலிக்குது."

"நேத்து முழுக்க ஃபோன்ல அந்த மனுஷனோட கத்துனியே, அதான்."

"இருக்கும்," என்றாள். அதற்கு மேல் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததுதான் எனக்கு முதலில் பயம் தந்தது.

அவள் செய்துவந்த வேலையைச் சொல்லாமல் அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல முடியாது.

ஆறு கடலில் சேரும் இடத்தில் எங்கள் ஊர் இருக்கிறது. எதிர்க்கரையில் இன்னோர் ஊர். நடுவில் இருப்பது ஆறா கடலா என்று அந்தத் தண்ணீருக்கே தெரியாது. படகில் அரை மணி நேரம். சாலையில் சுற்றிப் போனால், வெகு மேலே இருக்கும் பழைய பாலத்தைத் தொட்டுத் திரும்பி, மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. எங்கள் கரையில், படகுத்துறையை ஒட்டிய பழைய சுங்கக் கட்டடத்தின் மாடியில் திட்ட ஆபீஸின் கிளை இருந்தது. அவள் அங்கே வரைபடப் பிரிவில் மூத்தவள்.

தலைமை அலுவலகம் எங்கோ தலைநகரில். கண்டம் முழுவதற்கும், நாற்பது வருடம் கழித்து எந்த வட்டாரம் எப்படி இருக்கும் என்று அங்கே எழுதினார்கள். கிளைகள் அவரவர் ஓரத்தை வரைந்து அனுப்ப வேண்டும். மூன்று எதிர்காலங்கள். முதலாவதில் சனம் எல்லாம் ஏழெட்டுப் பெருநகரங்களில் போய் அடைந்துவிடுகிறது, ஓரங்களில் கிழவர்களும் காற்றாலைகளும் மிச்சம். இரண்டாவதில் யாரும் எதுவும் செய்யவில்லை, போகிற போக்கில் போகிறது. மூன்றாவதுக்குச் சமச்சீர் வளர்ச்சி என்று பெயர். பக்கத்துப் பக்கத்து ஊர்களை இரண்டும் மூன்றுமாகக் கோத்து, ஓர் ஊரில் கல்லூரி, அடுத்ததில் பெரிய மருத்துவமனை என்று பகிர்ந்து வைப்பது. எந்த ஓரத்தில் பிறந்தாலும் எதுவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூரமாக இருக்கக் கூடாது. படத்தில் அந்த ஒரு மணி நேரத்துக்குள் விழும் இடம் பச்சை. தாண்டினால் மஞ்சள்.

மூன்றாவதை அவள் நம்பினாள். கடமைக்குச் செய்கிறவள் மாதிரி இல்லை. படிக்கப் போன எங்கள் மகள் பெருநகரத்திலேயே வேலை தேடித் தங்கிவிட்டாள். அவளோடு படித்த பிள்ளைகளில் ஒருத்தர்கூட ஊருக்குத் திரும்பவில்லை. "முதலாவது எதிர்காலம் நம்ம வீட்டுக்கு ஏற்கெனவே வந்தாச்சு," என்பாள். "மூணாவது வந்தா அவளும் வருவா." எங்கள் ஊரும் அக்கரை ஊரும் அதில் ஒரு ஜோடி. எங்களுக்குக் கல்லூரி, அவர்களுக்கு மருத்துவமனை, நடுவில் புதிய பாலம். பாலத்துக்கு ஒப்புதல் வந்திருந்தது. ஒப்புதல் மட்டும்தான் வந்திருந்தது.

அவளுடைய மூக்குக்கண்ணாடிக்குக் கண்ணாடி மாற்றிக் கொடுக்க நான் அடிக்கடி அந்த மாடிக்குப் போவேன். நீள மேஜை, அதன்மேல் சுவர் அகலத்துக்கு விரித்த கண்டம், மூலைகள் சுருளாமல் இருக்க நான்கு பக்கமும் பழைய பூட்டுகள். சுங்கக்காரர்கள் விட்டுப்போன பூட்டுகள். சாவி ஒன்றுக்கும் இல்லை. பெரிய பிரிண்டர் மூச்சு வாங்கிக்கொண்டே படம் படமாகத் துப்பும். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒப்புதல் வந்த எதையும் கட்டி முடிந்ததாகவே வரைவார்கள். நாற்பது வருடம் கழித்து எப்படி இருக்கும் என்பதுதானே படம், அப்போது அது முடிந்துதானே இருக்கும் என்பது கணக்கு. புள்ளிக்கோடு போடுவதில்லை. பேச்சும் அப்படியே. "பாலத்துல போனா முக்கால் மணி நேரம்" என்று தேநீர் குடித்துக்கொண்டே சொல்வார்கள், நேற்றுத்தான் போய்வந்த மாதிரி. யாராவது குழம்பினால், "நீ இப்போ எந்த வருஷத்துல இருக்க?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். தலைமை அலுவலக இயக்குநருக்கு அவர்கள் வைத்த பெயர் 'நாளன்னிக்கு'. அவர் வாயிலிருந்து இன்றைக்கு என்ற சொல்லை ஒருவரும் கேட்டதில்லையாம்.

"உனக்கு நாப்பது வருஷம் தள்ளி இருக்கிறது தெரியுது, கைக்கடிகார முள்ளு தெரியல," என்று நான் கேலி செய்வேன்.

"முள்ளைப் பாக்கத்தான் உங்களைக் கட்டிக்கிட்டேன்."

அவளுடைய தம்பி படகில் வேலை பார்த்தான். கயிறு எறிவது, தளத்தில் வண்டிகளை வரிசைப்படுத்துவது, இறங்கும்போது திட்டுவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன், மேஜைமேல் கிடந்த படத்தைக் குனிந்து பார்த்தான்.

"அக்கா, இதுல என் படகைக் காணோமே."

"பாலம் இருக்கில்லடா. அப்புறம் படகு எதுக்கு?"

"அப்போ என்னைக் காவு குடுத்துட்ட."

"உன்னைப் பாலத்துல டிக்கெட் கிழிக்க வைக்கிறேன்."

"இக்கரைக்கு அக்கரை பச்சைம்பாங்க. எங்கக்கா ரெண்டு கரைக்குமே பச்சை அடிச்சுட்டா, மாமா. எருமையை வாங்கறதுக்கு முன்னாடியே நெய்க்கு விலை பேசறாங்க இவங்க ஆபீஸ்ல."

அவளும் சிரித்தாள். அந்த வருடக் கடைசியில் எங்கள் மருத்துவமனையின் இருதயப் பிரிவை அக்கரைக்கு மாற்றிவிட்டார்கள்.

எந்தத் துறையும் அநியாயம் செய்வதாக நினைத்துச் செய்யவில்லை என்று அவள் சொன்னாள். சுகாதாரத் துறைக்குப் படம் போயிருந்தது. படத்தில் எங்கள் ஊர் பச்சை. முக்கால் மணி நேரத்தில் பெரிய மருத்துவமனை இருக்கும்போது இரண்டு இடத்தில் ஒரே பிரிவு எதற்கு. மூன்றாவது எதிர்காலம் சொன்னதைத்தான் அவர்கள் செய்தார்கள், முதலில் முடிகிற வேலையை முதலில். பந்தி முடிந்து இலை எடுத்தாகிவிட்டது, கல்யாணம் நாற்பது வருடம் கழித்து என்பது போல.

அவள் இயக்குநரை ஃபோனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"சார், அந்தப் பாலத்தைப் படத்துலேர்ந்து எடுத்துடறேன். இல்லாத பாலத்துல ஆளை அனுப்புறாங்க."

"எடுத்தா என்ன ஆகும்னு யோசிச்சீங்களாம்மா?" அவர் கெட்ட மனிதர் இல்லை. குரல் எப்போதும் களைத்திருக்கும். "படத்துல இருக்கிற வரைக்கும்தான் அது வரும். எடுத்துட்டா உங்க ஊர் மஞ்சள். மஞ்சள் ஊருக்குக் கல்லூரி கிடையாது. பாலம் பட்டியல்ல எங்கேயோ கீழ போயிடும். அப்புறம் நீங்களும் நானும் தலைகீழா நின்னாலும் மேல வராது."

"புள்ளிக்கோடாவது போடலாமே சார்."

"ஒரு ஓரத்துக்குப் புள்ளிக்கோடு போட்டா கண்டம் முழுக்கப் போடணும். அப்புறம் படத்துல புள்ளி மட்டும்தான் இருக்கும். கொஞ்சம் பொறுங்க, கிளைங்க எல்லாம் கூடுற கூட்டம் எப்போ வருதோ அப்போ நேர்ல வந்து பேசுங்க."

அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்றாள். பாலத்தை எடுத்தால் மகள் திரும்பி வரும் ஊர் இல்லை. எடுக்காவிட்டால் இன்றைக்கு இங்கே இருக்கிறவர்களுக்கு நெஞ்சுவலி வரக் கூடாது. "யாருக்கும் வராதுன்னு நினைச்சுக்கலாம்," என்று நான் சொன்னதற்கு அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் இருக்கிறது. பாலத்தை அவள் எடுக்கவில்லை. அடுத்து, பாலம் இருக்கும் இடத்தில் படகுக்கு எதற்கு மானியம் என்று போக்குவரத்துத் துறை கேட்டது. மாலைப் படகுகள் நின்றன. நாலரைக்குக் கடைசிப் படகு, அதுவும் அக்கரையில் போய் இரவு நிற்கும். வேலை போன மச்சினன் வீட்டுக்கு வருவதை விட்டான். வந்த ஒரு நாளும் வாசலிலேயே நின்றான்.

"டிக்கெட் கிழிக்க எப்போ கூப்பிடுவ, அக்கா?"

கூட்டத்துக்கு நாள் குறித்து அறிவிப்பு வந்தது அதற்குப் பிறகுதான். முந்தின நாள் இயக்குநரோடு கத்தியது அதைப் பற்றித்தான். வரும் செவ்வாய்க்கிழமை, எல்லாக் கிளைகளும் உட்கார்ந்திருக்கும்போது, பாலத்தை எடுக்கச் சொல்லிப் பேசப்போகிறேன், மஞ்சளானால் ஆகட்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டாள்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தவளுக்கு வேர்த்தது. காற்று வீசிக்கொண்டிருந்த மாலையில், ஜன்னல் திறந்திருக்க, ரவிக்கை நனைகிற அளவுக்கு வேர்த்தது. வலி முதுகுக்குப் போய்விட்டது என்றாள். மணியைப் பார்த்தேன். ஐந்தாகப் போகிறது.

மருத்துவமனை எங்கள் தெரு முனையில்தான். கட்டடம் அப்படியே இருக்கிறது. உள்ளே காய்ச்சலுக்கும் கட்டுப்போடவும் மட்டும் ஆள். டாக்டர் இல்லை. அவர் குடியிருப்பு அக்கரைக்கு மாறிவிட்டதால் நாலரைப் படகில் போய்விடுவார். ஒரு நர்ஸ் இருந்தாள், சின்னப் பெண். இவளைப் படுக்கவைத்து, மார்பில் ஒயர்களை ஒட்டி, ஓடி வந்த காகிதத்தைப் பார்த்தாள். முகம் மாறியதை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை. நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்தாள், ஆக்சிஜன் வைத்தாள், காகிதத்தைப் படம் பிடித்து அக்கரைக்கு அனுப்பினாள். உடனே பதில் வந்தது. அடைப்பு. ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு வந்தால் திறந்துவிடலாம்.

கட்டுப்பாட்டு அறைக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"எந்த ஊரு?"

சொன்னாள்.

"அங்கேர்ந்து நாப்பத்தஞ்சு நிமிஷம்தானே. வண்டி இருக்கில்ல? கிளப்பிட்டு வந்துடுங்க."

"எந்த வழியா வரச் சொல்றீங்க?"

"பாலம் வழியாத்தான்."

"பாலம் இல்லைங்க."

"மூடியிருக்கா?"

"கட்டவே இல்லைங்க."

அந்தப் பக்கம் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. "என் ஸ்கிரீன்ல இருக்கே," என்றான். அவன் பொய் சொல்லவில்லை. குரலில் உண்மையான குழப்பம் இருந்தது.

"சார், ஹெலிகாப்டர் அனுப்புங்க," என்றாள் நர்ஸ்.

"ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கிற இடத்துக்குத்தான் அதும்மா. உங்க ஊரு உள்ள இருக்கு. நானா அனுப்ப முடியாது, மேல கேக்கணும். கேக்குறேன். லைன்லயே இருங்க."

இசை போட்டார்கள். காத்திருப்பவர்களுக்குப் போடும் அந்த இசை.

என் மனைவி முகமூடியை விலக்கினாள். "அது நான் அடிச்ச பச்சைங்க," என்றாள். புகார் சொல்கிற குரலாக இல்லை. கடையில் ஒரு பொருளைப் பார்த்து, இது எங்க வீட்டுது என்று சொல்கிற மாதிரி இருந்தது.

"பேசாதம்மா," என்றேன்.

"பேசணும். குவாரி தாண்டினா மஞ்சள். பழைய கல்குவாரி. அங்கேர்ந்து பாலத்துக்கு வந்து போறதுக்குள்ள ஒரு மணி நேரம் தாண்டிடும், அதனால அங்க கோடு வருது. அங்க போய் நின்னு, குவாரி இருக்கிற ஊரு பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. கேக்காம அனுப்புவான். இறங்கவும் இடம் இருக்கு."

வலியில் கண்ணை மூடிக்கொண்டே, ஓர் ஓரத்தை இன்னோர் ஓரத்தோடு சேர்த்து வரைகிறவள் மாதிரிச் சொன்னாள். நர்ஸ் என்னைப் பார்த்தாள். இசை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது மச்சினன் வந்தான். நான் கூப்பிட்டிருந்தேன். ஓடிவந்த ஓட்டத்தில் செருப்பு ஒன்றுதான் இருந்தது.

"படகு அக்கரைல நிக்குது. எஞ்சின்காரன் ஃபோனை எடுக்கல. மீன்படகு ஒண்ணு கேட்டேன், தர்றேன்னுதான் சொன்னான். ஆனா காத்து ஏறிடுச்சு மாமா. நடுவுல அலை மேல அடிக்குது. உக்காந்தவனே பிடிச்சுக்க முடியாது. படுத்திருக்கிறவளை, இந்தச் சிலிண்டரோட..." பாதியில் நிறுத்தி, அக்காவைப் பார்த்தான். "அக்கா, என்ன பண்ணட்டும்? நீ சொல்லு."

"குவாரி," என்றாள்.

"தண்ணில நான் கொண்டு போறேன்க்கா. போறதுன்னா போறேன்."

"நீ மூழ்கறதுக்கா? குவாரிடா."

வண்டியை எடுத்தோம். ஓட்டுநர், நர்ஸ், மச்சினன், நான், அவள். குவாரி, ஆஸ்பத்திரி இருக்கும் மேற்குப் பக்கம் இல்லை. ஆற்றை விட்டு, அக்கரையை விட்டு, எதிர்த்திசையில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்காக ஆஸ்பத்திரியை விட்டு விலகி விலகிப் போனோம். பின் கண்ணாடியில் தண்ணீர் சிறுத்துக்கொண்டே வந்தது. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். குளிர்ந்திருந்தது.

"எங்க வந்திருக்கோம்?" என்று கேட்டாள்.

"தண்ணித் தொட்டி," என்றான் மச்சினன்.

"இன்னும் பச்சைதான்."

ஓட்டுநர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவருக்கு என்ன புரிந்ததோ, இன்னும் வேகமாக ஓட்டினார். சாலை மோசம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் உதட்டைக் கடித்தாள். நர்ஸ் ஒரு கையால் சிலிண்டரையும் மறு கையால் அவள் தோளையும் பிடித்துக்கொண்டு, தானும் விழாமல் நின்றாள்.

"மகளுக்குச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். கிளம்பிட்டா." நான் சொல்லவில்லை. சொல்ல நேரம் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அவள் கிளம்பிவிட்டாள் என்று எனக்கே தோன்றியது.

"எந்த வழியா வர்றா?"

"ரயில்ல."

"ம்." கொஞ்ச நேரம் மூச்சை எண்ணுகிறவள் போல இருந்தாள். "செவ்வாக்கிழமை நான் போகலைன்னா, அவங்க யாரும் பேச மாட்டாங்க."

"நீயே போய்ப் பேசுவ."

"திட்டிப் பேசக் கூடாதுங்க. அவரு சொன்னதும் நிஜம். ரெண்டும் நிஜமா இருந்தா என்ன பண்றது?"

அது கேள்விதான். நான் பதில் யோசித்தேன். இப்போதும் யோசிக்கிறேன். அதற்குள் அவள் முகம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. நர்ஸ் குனிந்து கழுத்தில் விரல் வைத்தாள். பிறகு என்னை ஓரமாகத் தள்ளிவிட்டு மார்பை அழுத்தத் தொடங்கினாள். சின்னப் பெண்ணுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வண்டி நிற்கவில்லை. அழுத்தும்போது வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருந்தாள், வண்டி குலுங்கும்போது எண்ணிக்கை தவறி மறுபடியும் ஒன்றிலிருந்து.

குவாரியின் துருப்பிடித்த கதவு வந்தது. ஓட்டுநர் வண்டியைக் கல் மைதானத்தில் விட்டு ஃபோன் போட்டார். அவள் சொன்ன மாதிரியே அந்த ஊர்ப் பெயரைச் சொன்னார். அவள் சொன்ன மாதிரியே யாரையும் கேட்காமல் அனுப்பினார்கள்.

மச்சினன் அவள் காதருகில் குனிந்தான். "அக்கா, மஞ்சள் வந்துடுச்சு. அக்கா. மஞ்சளுக்கு வந்துட்டோம்."

இரண்டு மூன்று முறை சொன்னான். பிறகு அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

ஹெலிகாப்டர் வந்தது. வெளிச்சம் இருக்கும்போதே வந்தது. கல்தூள் எழும்பி எங்கள் எல்லோர் மேலும் விழுந்தது; தலைமுடி, இமை, நர்ஸின் ஈரமான கை, எல்லாம் வெள்ளை. அதிலிருந்து இறங்கிய டாக்டர் அவள் கண்ணைத் திறந்து பார்த்தார், தன் கருவியை வைத்துப் பார்த்தார், நர்ஸின் தோளைத் தொட்டு, போதும் என்றார். நர்ஸ் நிறுத்தவில்லை. அவர் இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது.

உயிர் இல்லாதவரை ஹெலிகாப்டரில் ஏற்றக் கூடாதாம். அது காலியாகத் திரும்பிப் போனது. நாங்கள் வண்டியில் அவளோடு ஊருக்குத் திரும்பினோம். வரும்போது ஓட்டுநர் பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினார்.

மகள் மறுநாள் வந்தாள். வீட்டைத் தூக்கி நிறுத்தியது அவள்தான். இங்கேயே இருந்துவிடட்டுமா என்று ஒரு நாள் கேட்டாள். இங்கே என்ன செய்வாய் என்றேன். கேட்டிருக்க வேண்டாத கேள்வியா என்று தெரியவில்லை. விடுமுறை முடிந்ததும் ரயிலில் ஏற்றிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் யாரும் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். அப்படிச் சொல்வதுகூடத் தவறு. அவளுக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்றார்களாம்.

பல மாதம் கழித்து இயக்குநர் வந்தார். நான் கடையில் ஒரு பெரியவருக்குக் கண்ணாடிச் சட்டம் பொருத்திக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு நீளக் குழாயை அணைத்துக்கொண்டு நின்றவரை யாரென்று எனக்குத் தெரியவில்லை. குரலைக் கேட்டதும் தெரிந்தது. உட்காரச் சொன்னேன். மச்சினன் அப்போது கடையில் இருந்தான். படகு வேலை போனபிறகு பகலெல்லாம் என்னோடுதான் இருந்தான்.

அவர் குழாயிலிருந்து படத்தை உருவி, என் மேஜைமேல், கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே விரித்தார். புதிய பதிப்பு. கண்டம் முழுவதும் கட்டி முடியாத எல்லாவற்றுக்கும் புள்ளிக்கோடு. எங்கள் தண்ணீர்மேலும் ஒரு புள்ளிக்கோடு போயிற்று. எங்கள் ஊர் மஞ்சள்.

"அம்மா கேட்டது இதுதான்," என்றார். "இனிமே இந்த ஊருக்கு நேரா ஹெலிகாப்டர் வரும்."

"ஒரு ஊருக்கே கலர் மாத்திட்டீங்க சார்," என்றான் மச்சினன். "எங்கக்கா இதுக்கு ஒரு சாயங்காலம்தான் செலவு பண்ணினா. சல்லிசா முடிஞ்சுபோச்சு."

அவர் தலையை ஆட்டினார். அவனைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"கல்லூரி?" என்று கேட்டேன்.

"மஞ்சள் ஊருக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"இருதயப் பிரிவு?"

"அங்கே மெஷின் எல்லாம் பொருத்தியாச்சு. திரும்ப எடுக்க முடியாதுன்னு எழுதியிருக்காங்க."

"பாலம்?"

"பட்டியல்ல கீழ போயிடுச்சு." என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அந்த ஒன்றுக்காக அவரை நான் மதித்தேன். "நான் அன்னிக்குச் சொன்ன மாதிரிதான் ஆச்சு. சரியா சொன்னோம்னு எனக்கு எந்தச் சந்தோஷமும் இல்லைங்க."

அவள் வண்டியில் கேட்ட கேள்வியை அவரிடம் கேட்டேன். ரெண்டும் நிஜமா இருந்தா என்ன பண்றது. அவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் ஒரு திருகாணி தளர்ந்திருந்தது. வாங்கி, இறுக்கிக் கொடுத்தேன். எனக்குச் செய்யத் தெரிந்தது அதுதான்.

அக்கரையில் அவருக்கு மறுநாள் வேலை இருந்தது. துறைவரை நானும் மச்சினனும் கூட நடந்தோம். படகு போய்விட்டிருந்தது. அவர் மரப்பலகையின் விளிம்பில் நின்று தண்ணீரைப் பார்த்தார், முதன்முதலாகப் பார்ப்பவர் மாதிரி. "இவ்வளவு அகலமா?" என்று கேட்டார். மச்சினன் போய் ஒரு வாடகை வண்டியைப் பிடித்து வந்தான். சுற்றுவழியாக, மூன்று மணி நேரப் பயணத்துக்கு அவரை ஏற்றிவிட்டோம். குழாயை எங்களிடமே விட்டுப் போனார். அதை நான் மறுபடி விரிக்கவில்லை.

கடை அடைத்ததும் இப்போதும் நாங்கள் இரண்டு பேரும் துறையில் கொஞ்ச நேரம் உட்காருகிறோம். அக்கரைக்குப் பின்னால் மலை இருக்கிறது. சூரியன் அதன் முதுகில் இறங்குவதால் அந்த ஊரில் சீக்கிரம் நிழல் விழுந்துவிடும். அதனால், எங்கள் பக்கம் நல்ல வெளிச்சம் இருக்கும்போதே, அங்கே ஆஸ்பத்திரியின் விளக்குகள் வரிசையாக எரியத் தொடங்கிவிடுகின்றன.